கடன் நாணயம்: இழந்ததை மீட்கும் வழி

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே; சொன்ன சொல் தவறாமையும் நாணயமே. வாங்கிய கடனை உரிய நாளில் திருப்பித் தருபவரை ‘நாணயமானவர்’ என்று ஊர் சொல்லும். அந்தச் சொல்லே அடுத்த கடனுக்கு ஈடாகவும் விளங்கியது. இன்று அதே பணியை 300க்கும் 900க்கும் இடைப்பட்ட ஓர் எண் செய்கிறது. கடன் மதிப்பெண் எனப்படும் இதனை மக்கள் ‘சிபில் ஸ்கோர்’ என்றே அறிவர். இந்த எண் தாழ்ந்துவிட்டால் வங்கியின் கதவு அடைபடுகிறது. திறந்தாலும் கூடுதல் வட்டி கேட்கப்படுகிறது.

கதவு அடைபட்டவரின் பணத்தேவை அதனால் மறைந்துவிடுவதில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடைச் சரக்கு ஆகியவற்றுக்காக அவர் தனியார் வட்டிக்காரரிடம் செல்கிறார். மக்களை வட்டிக்காரரிடமிருந்து வங்கிக்கு அழைத்துவர நம் நாடு மேற்கொண்ட நெடிய முயற்சி அவரளவில் பின்னோக்கித் திரும்பிவிடுகிறது. எனவே தாழ்ந்த மதிப்பெண்ணை உயர்த்துவதும், பழைய பாக்கிகளை முறையாகத் தீர்ப்பதும் வளர்ச்சிப் பொருளாதாரத்தின் பாற்பட்ட வினாக்களும் ஆகின்றன.

ஊரின் நினைவும் பதிவேட்டின் நினைவும்

1951-52ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர்கள் பெற்ற கடனில் ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்கடைக்காரர்களிடமிருந்தும் வட்டிக்குக் கொடுக்கும் நிலவுடைமையாளர்களிடமிருந்தும் வந்தது என்று காட்டியது. வாணிப வங்கிகளின் பங்கு 1 விழுக்காட்டை எட்டவில்லை. வட்டிக்காரரிடம் இருந்த பெரிய வலிமை, கடன் வாங்குபவரை அவர் நேரில் அறிந்திருந்ததே ஆகும். யாருக்கு எவ்வளவு நிலம், யார் வீட்டில் திருமணம், யார் பேச்சு நம்பத்தக்கது என்பவை அவருக்கு மனப்பாடம்.

1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர் கிளைகள் சிற்றூர்களுக்கும் பரவின. ஆனால் இடமாறுதலில் வந்து செல்லும் மேலாளருக்கு ஊரின் நினைவு கிடைப்பதில்லை. ஒரு வங்கியில் கடன் பாக்கி வைத்தவர் வேறொரு வங்கியில் புதுக்கடன் பெறுவதைத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. அந்த இழப்பின் சுமை, ஒழுங்காகச் செலுத்துவோரின் வட்டியில் ஏறியது.

இக்குறையைக் களைய, 1999இல் அமைக்கப்பட்ட சித்திகி தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறைச்) சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று பெற்று இயங்குகின்றன. கடன் வழங்கும் அமைப்புகள் யாவும் இந்நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015 ஜனவரியில் பணிக்கப்பட்டது. 2025 ஜனவரி 1 முதல், பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் கணக்கு விவரங்களைப் புதுப்பித்து அனுப்பும் விதியும் நடைமுறைக்கு வந்தது.

ஊரின் நினைவுக்கும் பதிவேட்டின் நினைவுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஊரின் வாய்ச்சொல்லை யாரும் திருத்த இயலாது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் நாள், தொகை, கணக்கு எண் ஆகியவை உண்டு. பிழையெனில் திருத்தக் கோரும் உரிமையைச் சட்டமே வழங்கியுள்ளது. மதிப்பெண்ணை மீட்பதற்கான வழி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மதிப்பெண் எதைக் காட்டுகிறது?

கடன் மதிப்பெண் ஒருவரின் செல்வத்தை அளப்பதன்று. அவருடைய வங்கிச் சேமிப்பு எவ்வளவு, நிலம் எவ்வளவு என்பவை அதில் இடம்பெறா. எடுத்த கடனை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதே அதன் மூலப்பொருள். தவணைகள் நாள் தவறாமல் செலுத்தப்பட்டனவா, அனுமதிக்கப்பட்ட கடன் அட்டை வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டுள்ளது, கடன் வரலாறு எவ்வளவு நீண்டது, ஈடுள்ள கடனும் ஈடற்ற கடனும் எவ்விதம் கலந்துள்ளன, அண்மையில் எத்தனை இடங்களில் புதுக்கடன் கோரப்பட்டது ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கீட்டு முறையை வைத்திருப்பதால், ஒருவருடைய மதிப்பெண் நான்கு இடங்களிலும் சற்றே வேறுபடலாம்.

மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக உள்ள கடன் தகவல் அறிக்கையைப் படிப்பதே பயன் தருவது. அதில் ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும். தவணை எத்தனை நாட்கள் தாமதமாயிற்று என்பது அதில் எண்ணாகக் குறிக்கப்படும். சுழி இருந்தால் தாமதமில்லை என்று பொருள். 30, 60, 90 என எண் ஏற ஏறச் சீர்கேடு மிகுகிறது. 90 நாட்களைக் கடந்த கணக்கு பொதுவாக வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். சிபில் அறிக்கையில் 36 மாதங்கள் வரையிலான இவ்விவரம் காணப்படும்.

தாமே தமது அறிக்கையைக் கேட்டுப் பெறுவதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்னும் அச்சம் பலரிடம் உள்ளது. அது தவறு. கடன் விண்ணப்பத்தின் பேரில் வங்கி எழுப்பும் வினவல்களே கணக்கில் கொள்ளப்படும். ஒரே மாதத்தில் ஐந்தாறு நிறுவனங்களிடம் விண்ணப்பிப்பவர், பணமுடையில் தவிப்பவராகக் கருதப்படுவார்.

முதற்படி: அறிக்கையைப் பெற்றுப் பிரித்தறிதல்

2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு நிறுவனமும் நாட்காட்டி ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைத் தனிநபருக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும். நான்கு நிறுவனங்களிடமிருந்தும் அதைப் பெற்று ஒப்பிடுதல் நன்று. ஒன்றில் இல்லாத பிழை மற்றொன்றில் இருக்கக்கூடும்.

அறிக்கையிலுள்ள பாதகமான பதிவுகளை மூவகையாகப் பிரிக்கலாம். பிழையான பதிவுகள் ஒருவகை. உண்மையானவை, ஆனால் பணம் செலுத்தப்பட்டுவிட்டவை இரண்டாம் வகை. உண்மையானவை, இன்னும் செலுத்தப்படாதவை மூன்றாம் வகை. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. இவற்றைப் பிரிக்காமல், எல்லாவற்றையும் அழித்துத் தருவதாகக் கூறும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுப்பதே மக்கள் செய்யும் பெருந்தவறு. உண்மையான பதிவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அழிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. பிழையான பதிவைத் திருத்தக் கட்டணமே தேவையில்லை.

பிழைகள் பலவாறு நேரும். ஒரே பெயரும் பிறந்த நாளும் கொண்ட வேறொருவரின் கடன் சேர்ந்திருக்கலாம். முடித்துவிட்ட நகைக்கடன் இன்னும் நிலுவையில் உள்ளதாகத் தோன்றலாம். அடையாள ஆவணங்களைத் திருடி எவரோ பெற்ற கடன் இடம்பெற்றிருக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை, தவணை ஒத்திவைப்பு முறைப்படி வழங்கப்பட்ட கணக்குகளில், அதன் காரணமாகச் செலுத்தப்படாத தவணைகளைத் தவறுதலாகக் காட்டலாகாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருந்தது. அம்மாதங்களில் தாமதம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் கேள்விக்குரியதே.

பிழையைக் கண்டவர் கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்த வங்கியிடமோ, ரசீது முதலிய சான்றுகளுடன் முறையிடலாம். வங்கியின் ஒப்புதலின்றி நிறுவனம் தானாகப் பதிவை மாற்ற இயலாது என்பதால், இரு இடங்களிலும் எழுதுவது காலத்தை மிச்சப்படுத்தும். 30 நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்பட வேண்டும். அதில் முதல் 21 நாட்கள் வங்கிக்குரியவை. 2023 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்டு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி, இக்கெடு கடந்த ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தரப்பட வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். நிறைவு தராத நிலையில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் வரம்புக்குள் கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரில் கொண்டுவரப்பட்டன. இதற்கும் கட்டணம் இல்லை.

‘ரைட் ஆஃப்’ என்றால் தள்ளுபடி அன்று

மூன்றாம் வகையான உண்மைப் பாக்கியே கடினமானது. அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப்’ என்று கண்டதும், வங்கி கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது என்று பலர் மகிழ்கின்றனர். பெரும்பாலும் அது வங்கியின் கணக்கேட்டு நடவடிக்கை மட்டுமே. வாராக் கடனுக்கு முழு ஒதுக்கீடு செய்து, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதனை நீக்குகின்றனர். கடனாளியின் பொறுப்பு அதனால் நீங்குவதில்லை. வசூல் உரிமையும் தொடர்கிறது. அதே கடன் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருக்கவும் கூடும். அப்போது பணத்தைப் பழைய வங்கியில் கட்டுவதால் பயன் இராது. ஆகவே கடன் இப்போது யாருக்கு உரியது என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்வது முதற்கடமை.

பழைய பாக்கியைப் பொறுத்தவரை இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன என்று கொள்ளலாம். ஒன்று நீதிமன்றத்தின் கடிகாரம். மற்றது பதிவேட்டின் கடிகாரம்.

1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, ஈடற்ற தனிநபர் கடன், கடன் அட்டைப் பாக்கி போன்றவற்றுக்கு வழக்குத் தொடரும் கெடு பொதுவாக மூன்று ஆண்டுகள். அசையாச் சொத்தை அடமானமாகக் கொண்ட கடனில், அச்சொத்தின் வாயிலாகப் பணத்தை வசூலிக்க இக்கெடு 12 ஆண்டுகள். கெடு முடியுமுன் கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, உரிய சான்றுடன் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அந்நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்த பின்னரும், அக்கடனைத் தருவதாகக் கையொப்பமிட்டு எழுதிக்கொடுத்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதனைச் செல்லுபடியாகும் வாக்குறுதியாக ஏற்கிறது. ஆகவே பழைய கடன் குறித்து எதிலும் கையெழுத்திடுமுன் எழுதியிருப்பதை முழுதும் படித்தறிவது இன்றியமையாதது.

காலவரம்பு கடந்தால் வழக்குத் தொடரும் வழி அடைபடுகிறதேயன்றிக் கடன் அழிந்துபோவதில்லை. பதிவேட்டின் கடிகாரமும் அதனால் நிற்பதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஏழாண்டு முடிந்ததும் எல்லாம் தாமே மறையும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது குறைந்த அளவேயன்றி மேல் வரம்பன்று. வழக்கு வராது என்ற நம்பிக்கையில் காத்திருப்பவர், வங்கிக் கடன் பெறும் வாய்ப்பு இல்லாமலும் காத்திருக்க நேர்கிறது.

முழுத் தீர்வா, சமரசத் தீர்வா?

பழைய பாக்கியைத் தீர்க்க இரு வழிகள் உள்ளன. கோரப்படும் தொகை முழுவதையும் செலுத்தினால் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ எனப் பதிவாகும். குறைந்த தொகைக்கு வங்கி இசைந்தால் ‘செட்டில்டு’ எனப் பதிவாகும். பின்னதில், கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை இழந்தார் என்ற செய்தி அடங்கியிருப்பதால், அடுத்துக் கடன் தருபவர் தயங்குகிறார். சமரசத் தீர்வு கண்ட கடனாளிக்கு, வேளாண் கடன் நீங்கலான பிறவற்றில், குறைந்தது 12 மாத இடைவெளிக்குப் பின்னரே அதே நிறுவனம் புதுக்கடன் தரலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு சிறு தையற்கடைக்காரரின் அசல் பாக்கி ரூ. 40,000, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து கோரப்படும் தொகை ரூ. 72,000. ரூ. 45,000 கட்டினால் சமரசமாக முடித்துக்கொள்ள வங்கி இசைகிறது. மாதம் ரூ. 3,000 மிச்சம் பிடிக்கக் கூடியவருக்குச் சமரசத் தொகையைச் சேர்க்க 15 மாதங்கள் ஆகும். முழுத் தொகைக்கு 24 மாதங்கள் ஆகும். இடைப்பட்ட ரூ. 27,000 என்பது, அறிக்கையில் இடம்பெறும் ஒரு சொல்லுக்கான விலை. ஓரிரு ஆண்டுகளில் வீட்டுக்கடனோ தொழிற்கடனோ தேவைப்படுமானால் அவ்விலை தகும். குடும்பத்தில் நோயும் வருவாய்க் குறைவும் இருந்தால் சமரசமே அறிவுடைமை. தீர்க்கப்படாத பாக்கியைவிடச் சமரசத் தீர்வு மேலானது என்பதில் ஐயமில்லை. முழுத் தொகையையும் செலுத்த முன்வருபவர், அபராதக் கட்டணங்களையாவது குறைக்குமாறு வேண்டலாம். தவணை தவறியதற்கான தண்டத்தை வட்டியோடு கூட்டாமல் தனிக் கட்டணமாகவே விதிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, 2024இல் அதனை நடைமுறைப்படுத்தியது. எனவே கணக்கு விவரத்தை வரி வரியாகக் கேட்டுப் பெறுதல் உரிமையின் பாற்பட்டது.

எவ்வழியாயினும் வரிசை தவறலாகாது. முதலில் தொகை, கெடு, தீர்வின் தன்மை ஆகியவை அடங்கிய கடிதத்தைக் கடன் கொடுத்தவரிடம் பெற வேண்டும். அதன் பின்னரே பணம் செலுத்த வேண்டும். அதுவும் கடன் கணக்கிலேயே, ரசீது பெறும் வகையில். முகவரின் சொந்தக் கணக்கிலோ கையிலோ கொடுக்கலாகாது. இறுதியாக நிலுவையின்மைச் சான்று பெற்று, அடுத்த ஓரிரு மாதங்களில் நான்கு அறிக்கைகளிலும் பதிவு மாறியுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். வீட்டுக்கடன் போன்றவற்றில், முழுதும் செலுத்திய 30 நாட்களுக்குள் மூல ஆவணங்கள் திருப்பித் தரப்பட வேண்டும். வங்கியின் தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு உண்டு என 2023 செப்டம்பரில் ஆணை வெளிவந்தது.

நேரடிப் பேச்சில் முடிவு காண இயலாதபோது மக்கள் நீதிமன்றம் உதவும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் நடைபெறும் இம்மன்றங்களில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் இசைந்து ஏற்படும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது, மேல்முறையீடும் இல்லை.

வசூல் முகவரும் கடனாளியின் கண்ணியமும்

கடன் பட்டவர் கண்ணியத்தை இழந்தவரல்லர். 2022 ஆகஸ்டு 12 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த அறிவுறுத்தல், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைப்பதைத் தடுத்தது. மிரட்டல், பொது இடத்தில் இழிவுபடுத்தல், உறவினர்க்கும் நண்பர்க்கும் தொல்லை தருதல் ஆகியவையும் தடுக்கப்பட்டன. நுண்கடன்களுக்கு இந்நேர வரம்பு மேலும் குறுகியது. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை என 2022 மார்ச்சு விதிகள் வகுத்தன. முகவர் செய்யும் தவற்றுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு. தொல்லைக்கு உள்ளானவர் அழைப்பு வந்த நாள், நேரம், பேசியவர் கூறிய பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் முறையிடலாம்; தீர்வு கிட்டாவிடில் குறைதீர்ப்பாளரை நாடலாம்; மிரட்டலாயின் காவல் துறையையும் அணுகலாம்.

நாணயத்தை மீண்டும் கட்டுதல்

பழைய பாக்கியைத் தீர்ப்பதால் மட்டும் மதிப்பெண் உடனே உயர்ந்துவிடாது. பழைய குறை முடிவுற்றது என்பதையே அது காட்டும். நல்ல பதிவுகள் மாதந்தோறும் சேரச் சேர, பழைய குறையின் எடை தேய்ந்துகொண்டே செல்லும். இத்தனை நாளில் இத்தனை புள்ளி உயரும் என்று உறுதி கூறுபவரை நம்புவதற்கில்லை.

நல்ல பதிவு சேர்ப்பதற்குச் சிறு கடனே போதும். நிரந்தர வைப்பின் பேரில் வழங்கப்படும் கடன் அட்டை, தாழ்ந்த மதிப்பெண் உடையவருக்கும் கிடைக்கக் கூடியது. வரம்பில் சிறு பகுதியைப் பயன்படுத்தி, முழுத் தொகையையும் கெடுவுக்குள் செலுத்தி வந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு சுழி சேரும். ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டும் பழக்கம் ஆபத்தானது. நிலுவை ரூ. 20,000, வட்டி மாதம் 3.5 விழுக்காடு, குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று கொள்வோமானால், கட்டும் ரூ. 1,000இல் ரூ. 700 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது ரூ. 300 மட்டுமே.

படிப்படியாக நம்பிக்கையை வளர்க்கும் இக்கோட்பாடு அரசின் திட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. தெருவோர வணிகர்க்கென 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதி திட்டம், முதலில் ரூ. 10,000 கொடுத்து, அது ஒழுங்காகத் திரும்பிய பின் ரூ. 20,000, பின்னர் ரூ. 50,000 என உயரும் வகையில் வகுக்கப்பட்டது. ஈடு ஏதும் இல்லாதவருக்கு அவரது திருப்பிச் செலுத்தும் வரலாறே ஈடாக அமைந்தது.

பிணைக் கையெழுத்து இடுவோரும் இங்கே கருதத்தக்கவர். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. நண்பருக்காகப் போட்ட கையெழுத்து ஒருவருடைய சொந்த அறிக்கையில் பாக்கியாக வந்து நிற்பதுண்டு.

மாணவரும் அலுவலரும்

கல்விக் கடன் பெறும் மாணவருக்குக் கடன் வரலாறு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. தாழ்ந்த மதிப்பெண்ணை மட்டுமே காரணமாகக் காட்டி மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று 2023 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. மறுபுறம், பாதகமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒருவருடைய வங்கிப் பணி நியமனம் ரத்து செய்யப்பட்டதை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. படிக்கும்போது கிடைக்கும் பரிவு, பொதுமக்களின் பணத்தைக் கையாளும் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. தவணை தொடங்கும் நாளைக் குறித்து வைத்தலும், செலுத்த இயலாத நிலை வருமுன்பே வங்கிக்கு எழுதித் தவணை மாற்றம் கோரலும் மாணவர் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்.

அலுவலர்க்குரிய பொறுப்பு வேறுவகைப்பட்டது. எந்தக் கடனுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் எதனையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று 2025இல் மைய அரசு மக்களவையில் தெரிவித்தது. கடன் வரலாறே இல்லை என்னும் ஒரு காரணத்தால் முதன்முறை விண்ணப்பிப்பவரை ஒதுக்கலாகாது என்பதும் அறிவுறுத்தப்பட்டுள்ளது. மதிப்பெண் பல சான்றுகளுள் ஒன்று. வருவாய், தொழிலின் நிலை, தவறிய காலத்தின் சூழல், அதன் பின்னர் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடுவதே கடன் அலுவலரின் பணி. நோயாலோ பெருந்தொற்றாலோ ஓராண்டு தவறி, பின்னர் தானே முன்வந்து பாக்கியைத் தீர்த்தவரையும், திட்டமிட்டு ஏமாற்றியவரையும் எண் ஒன்றேபோல் காட்டக்கூடும். அவர்களை வேறுபடுத்திக் காணக் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். மாவட்ட நிலையில் உள்ள நிதியறிவு மையங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பணியாற்றும் களப் பணியாளரும், உறுப்பினர்களின் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை பெற்றுப் படித்துக் காட்டினால் பல சிக்கல்கள் முளையிலேயே தீரும்.

கடந்த காலத் தவற்றை அழிக்க முயல்வதில் பொருளும் காலமும் வீணாகும். அதனை முறைப்படி முடித்துவைத்து, அதன்மேல் நல்ல மாதங்களை அடுக்கிச் செல்வதே இயலக்கூடிய வழி. வழி நீண்டதாயினும் அதன் ஒவ்வொரு படியும் சட்டத்தில் தெளிவாக உள்ளது. பெரும்பாலான படிகளுக்குக் கட்டணமும் இல்லை. தவறிய ஒருவர் மீண்டும் நாணயமானவர் என்று பெயர் எடுக்கும்போது, வட்டிக்காரரின் வாசலுக்குச் செல்லும் ஒரு குடும்பம் குறைகிறது. வங்கிகளை மக்களிடம் கொண்டு சென்ற முயற்சி அங்கேதான் முழுமை பெறுகிறது.